மூன்றாம் ஓலை

பிலிமத்தலாவை
28.11.2021, ஞாயிறு

அன்புள்ள ரொஹானுக்கு,

நலம், நலமறிய ஆவல்னு எழுதித் தொடங்க கை வரல. நான் நலமில்ல. நீங்க எப்படின்னும் தெரியல. சாப்பாடு ஒழுங்கா தாறாங்களா? படுக்கப் பாய் இருக்கா? மாமி வியாழக்கிழமை உங்களப் பாத்துட்டு வந்து, "எளச்சுட்டான், ஆனா சிரிச்சான்"னு மட்டும் சொன்னாங்க. மடுல்கெல்லயிலருந்து மூணு பஸ் மாறிக் கொழும்புக்குப் போய், கொஞ்ச நேரம் மகன் முகத்தப் பாத்துட்டு வந்த மனுசிகிட்ட நான் வேற என்னத்தக் கேக்க.

அன்னைக்கு நானும் வந்திருந்தேன். மாமி சொல்லியிருக்க மாட்டாங்க. வாசல்ல இருந்தவரு என் அடையாள அட்டைய வாங்கிப் பாத்துட்டு, நீங்க அவருக்கு யாருன்னு கேட்டாரு. கலியாணம் பேசின பொண்ணு, இருபதாம் திகதி கலியாணம்னேன். இருபதாம் திகதி முடிஞ்சிருச்சே, நடந்துச்சான்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்ப நீங்க குடும்பம் இல்ல, அம்மா மட்டும் போகலாம்னுட்டாரு. கெட்ட மனுசனாவும் தெரியல. ஒரு கதிரையத் தூக்கிப் போட்டு உக்காரச் சொன்னாரு. மாமி வாற வரைக்கும் அந்தக் கதிரையில உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டிருந்தேன்.

இப்ப நம்ம கலியாண அறிவித்தல், ஓலை விசயம். ரெண்டு ஞாயிறு உங்க கோயில்லயும் எங்க கோயில்லயும் நம்ம பேர வாசிச்சாங்க. மூணாவது வாசிச்சிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். அதுக்குள்ள பத்தாம் திகதி உங்கள உங்க பிரிண்டிங் கடையிலருந்து கொண்டு போயிட்டாங்க. பதினாலாம் திகதி பூசையில எங்க ஃபாதர் எல்லா அறிவித்தலும் வாசிச்சாரு. சிரமதானம் வாசிச்சாரு, ஞானோபதேச வகுப்பு நேரம் வாசிச்சாரு, வேற ஒரு சோடிக்கு ஓலையும் வாசிச்சாரு. நம்மள மட்டும் வாசிக்கல. கேட்டதுக்கு, "மாப்பிள்ளை எங்கன்னு தெரியாம எப்படிம்மா வாசிக்கிறது"ன்னாரு. எங்கன்னு தெரியும் ஃபாதர், பொலிஸ்ல இருக்காரு, அது ஓலைக்குத் தடையான்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். அப்பா என் கையப் புடிச்சு வெளியே கூட்டிட்டு வந்துட்டாரு.

இன்னைக்குத் திருவருகைக் காலம் தொடங்குது. இனி நத்தார்ப் பெருநாள் முடியும் வரைக்கும் யாருக்கும் கலியாணம் இல்ல. அதுவும் ஒருவகையில நல்லதுதான். எப்ப கலியாணம்னு இப்போதைக்கு யாரும் என்னக் கேக்க மாட்டாங்க.

எதுக்குக் கொண்டு போனாங்க? உங்க முதலாளி என்னக் கண்டாலே கடைக்குள்ள போயிடுறாரு. எழுத முடிஞ்சா எழுதுங்க. முடியாட்டி சுகமா இருக்கேன்னு ஒரு வரி போதும். பொய்யா இருந்தா மாத்திரம் எழுதாதீங்க.

கோவத்தோடும் அன்போடும்,
டிலானி


கொழும்பு
14.12.2021

என் டிலானிக்கு,

இந்தக் காயிதத்த உனக்கு முன்னால ஒரு ஐயா வாசிப்பாரு. தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவரு ஒருத்தர்தான் இருக்காரு, அவரு வாற அன்னைக்குத்தான் காயிதம் போகும். அவருக்கும் வணக்கம். அவருக்காக, உன்னக் கொஞ்ச வேண்டிய இடத்துல எல்லாம் புள்ளி வச்சிருக்கேன். நீயே நிரப்பிக்க.

........................

பாய் இருக்கு. சோறும் இருக்கு, பருப்பும் இருக்கு. அடி ஒண்ணும் இல்ல. நெசமாத்தான் சொல்றேன். கேள்விதான் அதிகம். கேட்டதையே கேக்கிறாங்க. நானும் சொன்னதையே சொல்றேன். உனக்கும் அதையே சொல்றேன்.

ஒக்டோபர் கடைசியில வவுனியாப் பக்கத்திலருந்து ஒருத்தர் வட்ஸ்அப்புல படம் ஒண்ணு அனுப்பி, நினைவஞ்சலி பேனர் அடிச்சு பஸ்ஸுல போட்டுவிடச் சொன்னாரு. செத்துப்போன தம்பியோட படம். சின்னப் பொடியன், மீசை கூட சரியா மொளைக்கல. பேனரப் பாத்தா வெறிச்சுன்னு இருந்துச்சு. அவங்க கேக்காமலே நான்தான் இன்டர்நெட்டுல தேடி, செவப்பும் மஞ்சளுமா ஒரு பூவ எடுத்து நாலு மூலையிலும் வச்சேன். அழகா இருந்துச்சு. அது கார்த்திகைப் பூவாம். நவம்பர் மாசத்துல வடக்குல அது புலிகளோட மாவீரருக்கு வைக்கிற பூன்னு மடுல்கெல்லயில பொறந்த எனக்கு யாரு சொன்னா? தெரிஞ்சிருந்தா ரோசாப்பூ வச்சிருப்பேன். இத நான் சொன்னா, இவ்வளவு படிச்சவனுக்குத் தெரியாதான்னு கேக்கிறாங்க. வாழ்க்கையில மொத தரமா என்னப் படிச்சவன்னு சொல்றாங்க, அதுவும் இந்த இடத்துல.

நீ வாசல்ல இருந்தது எனக்குத் தெரியும். அம்மா சொன்னாங்க. இனி வராத. வந்து உன் பேர அங்க எழுதி வைக்காத. அம்மா வந்தாப் போதும்.

நம்ம கலியாணக் கார்ட் அடிச்ச தாள் எல்லாம் வெட்டாமக் கடையிலதான் கிடக்கு. முதலாளி தூக்கிப் போடாமப் பாத்துக்க.

மாமாவுக்கு என் வணக்கத்தச் சொல்லு.

உன்,
ரொஹான்


பிலிமத்தலாவை
13.02.2022

அன்புள்ள ரொஹானுக்கு,

புள்ளிகள நிரப்பிட்டேன். உங்க ஐயாவுக்கு வெக்கம் வரும்னு எழுதல.

தாள்கள வாங்கிட்டு வந்துட்டேன். என் அலுமாரியில இருக்கு. இப்ப ஊருல தாளுக்கே பஞ்சம், கடையில பாதி நாள் மிஷின் ஓடலையாம். முதலாளி பின்பக்கம் வெறுமையா இருக்கேன்னு கேட்டாரு, பில் அடிக்க. நான் தரல.

இனி முக்கியமான விசயம். கண்டியில ஒரு சட்டத்தரணியப் புடிச்சேன். சுதர்சினி மிஸ். எங்க பாமசிக்கு மருந்துக்கு வாறவங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க கேட்ட மொதக் கேள்வி, புடிச்சு ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்துல அடிப்படை உரிமை வழக்குப் போட்டீங்களான்னு. போடல. உங்களுக்குத் தெரியாது, இப்ப சொல்றேன். டிசம்பர் தொடக்கத்துல உங்க தோட்டத்து யூனியன் தலைவர் மாமிகிட்ட வந்து, புதுச் சட்டம் வருது, இப்படிப் புடிச்சவங்கள எல்லாம் விடப் போறாங்க, நீங்க வழக்குக் கிழக்குன்னு போய் அவங்களக் கோவப்படுத்தாதீங்கன்னு சொல்லியிருக்காரு. மாமி நம்பினாங்க. எங்கப்பாவும் நம்பினாரு. நானும்தான். நல்ல சட்டம் வருது, அதக் குழப்பக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்தோம். அந்த ஒரு மாசம் போயிருச்சு. மிஸ் ஏசல. கண்ணாடியக் கழட்டித் துடைச்சாங்க, அவ்வளவுதான். அதப் பாக்கத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு.

சட்டம் வாறது மெய்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குத் திருத்தம் ஒண்ணு பாராளுமன்றத்துக்கு வந்திருக்கு. மிஸ் வரி வரியா விளக்கினாங்க. இவ்வளவு காலமும் வழக்கே இல்லாம ஒன்றரை வருசம் வரைக்கும் தடுத்து வைக்கலாமாம், மூணு மூணு மாசமா நீட்டி நீட்டி. இனி அது ஒரு வருசம். நீதவான் வந்து பாக்கணுமாம். உறவினரோட பேச விடணுமாம். ஒரு வருசமாகியும் விசாரணை தொடங்காட்டி மேல்முறையீட்டு நீதிமன்றத்துல பிணை கேக்கலாமாம். உறவினர்னா கலியாணம் பேசின பொண்ணும் சேர்த்தியா மிஸ்னு கேட்டேன். இல்லம்மான்னாங்க. "குறைச்சிருக்காங்க, எடுக்கல. ஆனாலும் இந்தப் புள்ளைக்கு இதுதான் வழி"ன்னாங்க.

அப்பாவுக்கும் எனக்கும் இதுல பெரிய சண்டை. உயிர்த்த ஞாயிறுல நம்ம கோயில்கள்ல குண்டு வச்சவனுகளப் புடிச்ச சட்டம்தானே அதுன்னு அவரு. எங்க பாமசியில ருக்கியா இருக்காங்களே, அவங்க நானாவ, கூடப் பொறந்த அண்ணன, அந்த நேரம் கொண்டு போய் ஒரு வருசத்துக்கு மேல வச்சிருந்துட்டு, எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லாமலே விட்டாங்க. நான் அதச் சொன்னேன். மறுநாள் லொறிக்கு டீசல் வரிசையில நின்ன அப்பா எனக்குக் கோல் எடுத்து, அந்தப் புள்ளையோட நானா இப்ப என்ன செய்றாருன்னு கேட்டாரு. ஒண்ணும் செய்றதில்லப்பா, வீட்டுலதான் இருக்காருன்னேன்.

போன செவ்வாய்க்கிழமை பாமசிக்கு ஒருத்தர் வந்தாரு. மருந்து ஒண்ணும் வாங்கல. டிலானி நீங்களான்னு கேட்டாரு. ஓமோம்னேன். ரொஹான் எவ்வளவு நாள் பழக்கம், போன்ல என்ன பேசுவீங்கன்னு கேட்டுட்டுப் போனாரு. அதுலருந்து நான் போன்ல எதையும் பேசுறதில்ல. ருக்கியா என் கைய விடவே இல்ல, அன்னைக்கு முழுக்க ரெண்டு பேரும் ஒத்தைக் கையாலதான் மருந்து எடுத்துக் குடுத்தோம்.

ஃபாதர்கிட்டயும் போனேன். வாசிச்ச ஓலைக்கு ஆறு மாசம்தான் கெடுவாம். மே மாசம் ஏழாம் திகதி போனா வாசிச்ச ரெண்டும் செல்லாது, திரும்ப முதலாம் ஓலையிலருந்து தொடங்கணுமாம். கோயில் ஓலைக்கே ஒரு கெடு இருக்கு. உங்களுக்கு மட்டும் ஒவ்வொரு மூணு மாசமும் புதுசா எழுதிப் போடுறாங்க.

எழுதுங்க. சீக்கிரம் எழுதுங்க.

உங்கள்,
டிலானி


கொழும்பு
20.03.2022

என் டிலானிக்கு,

பாமசிக்கு ஆள் வந்தத வாசிச்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. அத நீ கடைசியில எழுதியிருக்கலாம், நடுவுல எழுதாம. அதுக்குப் பிறகு வந்த வரி ஒண்ணும் மண்டையில ஏறல.

இங்க எல்லாருக்கும் அந்தச் சட்டம்தான் பேச்சு. மெச் ஸ்கோர் கேக்கிற மாதிரி, வெளியிலருந்து யாராவது வந்தா எத்தனாம் வாசிப்புன்னு கேக்கிறோம். ஒரு வருசம்னா நாம ஏற்கனவே உள்ள இருந்த நாளையும் சேர்ப்பாங்களான்னு ஒருத்தர். சட்டம் வந்த நாள்லருந்துதான் எண்ணுவாங்கன்னு இன்னொருத்தர். நாலு பேரும் நாலு சட்டத்தரணி மாதிரி சண்டை புடிப்போம்.

நீ ஏசுவ, ஏசு. ஆனா நான் யோசிச்சுத்தான் எழுதுறேன். அந்த ஓலைக் கெடு போகட்டும் டிலானி. ஏழாம் திகதி தானாச் செத்துப்போற விசயத்த நாம எதுக்கு இழுக்கணும்? இப்ப நீ எனக்கு யாரும் இல்லன்னு அவங்களே சொல்லி உன்ன வாசல்ல நிறுத்துனாங்க. அது நல்லது. யாரும் இல்லாதவளாவே இரு. என் பொஞ்சாதின்னு ஆயிட்டா உன் வேலையும் போகும், போனும் போகும். மாமா இந்த வயசுல ஒவ்வொரு எடமா ஏறி எறங்கணும். ருக்கியாவோட நானா வீட்டுல சும்மா இருக்காருன்னு நீதான் எழுதின. நான் வெளியே வந்தாலும் அப்படித்தான் இருப்பேன். கார்த்திகைப் பூ ரொஹான்கிட்ட யாரு பேனர் அடிப்பாங்க?

உனக்கு நல்ல இடம் வரும். இத எழுத எனக்கு எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு இந்த ஐயாவக் கேளு. அவருதான் முன்னால உக்காந்திருக்காரு.

ரொஹான்


பிலிமத்தலாவை
20.04.2022

அன்புள்ள ரொஹானுக்கு,

புள்ளி கூட வைக்காத காயிதம் வந்துச்சு. வாசிச்சேன். இனி அப்படி ஒண்ணு எழுதினா திருப்பி அனுப்பிருவேன்.

சட்டம் நிறைவேறிருச்சு. போன மாசம் இருபத்திரெண்டாம் திகதி. அன்னைக்கு இங்க கரண்ட் இல்ல, பக்கத்து வீட்டு பேட்டரி ரேடியோவுல கேட்டேன். எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்புன்னு வாசிச்சுட்டு, அடுத்ததா எரிவாயுக் கப்பல் செய்திக்குப் போயிட்டாங்க. நான் மிஸ்ஸுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். அவங்களுக்கு முன்னமே தெரியும். நவம்பர் பத்தாம் திகதிக்குப் பிறகு விசாரணை தொடங்காம இருந்தா பிணைக்குப் போடலாம்னாங்க. அதுக்கு முந்தி, உள்ளேயே வந்து கலியாணத்தப் பதிஞ்சு, ஃபாதரும் வந்து ஆசீர்வதிக்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் போட்டிருக்காங்க. பதில் வரல. வரும், வராது, தெரியாது.

அதனாலதான் சொல்றேன். எந்தக் கதவு எப்ப தொறந்தாலும் நம்ம பக்கத்து வேலை முடிஞ்சிருக்கணும். பிறகு ஓடிப்போய் மூணு ஞாயிறு காத்துக்கிட்டு நிக்க என்னால முடியாது. உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோட ஃபாதர்கிட்ட போய் உக்காந்துட்டேன். மாப்பிள்ளை எங்கன்னு இப்பத் தெரியும்தானே ஃபாதர்னு கேட்டேன். அவரு சிரிச்சுட்டு, உங்க மடுல்கெல்லக் கோயில் ஃபாதருக்கும் கோல் எடுத்தாரு. மே மாசம் முதலாம் திகதி ஞாயிறு ரெண்டு கோயில்லயும் மூணாம் ஓலை. நான் மடுல்கெல்லக் கோயிலுக்குப் போறேன், மாமி பக்கத்துல நிக்க.

நல்ல இடம் வருமாம். எனக்கு இருவத்தெட்டு வயசு ரொஹான். பாமசிக் கவுன்டருக்குப் பின்னால நின்னு, பிரசர் மருந்து இல்ல, இன்சுலின் இல்ல, அடுத்த வாரம் வாங்கன்னு நாள் முழுக்கச் சொல்றேன். இல்லன்னு சொல்றது எப்படின்னு எனக்கு நல்லாத் தெரியும். உங்களுக்குச் சொல்ல விருப்பம் இருந்தா நானே சொல்லிக்குவேன். எனக்காக நீங்க சொல்ல வேண்டாம்.

பயம் இல்லன்னு நெனைக்காதீங்க. பயத்தோடதான் எழுதுறேன். வாசல்ல பைக் நின்னாலே அப்பாவும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறோம்.

உங்கள் (இத மாத்த மாட்டேன்),
டிலானி


கொழும்பு
25.04.2022

டிலானி,

நேரம் இல்ல, அம்மா கையில குடுத்து உடனே தபால்ல போடச் சொல்றேன். நீ கேக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். ஞாயிறு ஃபாதர் ஓலை வாசிச்சுத் தடை கேக்கிற நேரம் அம்மா எழும்பிச் சொல்லுவாங்க, மாப்பிள்ளைக்குச் சம்மதம் இல்லன்னு. அம்மா அழுதாங்க. சத்தியம் வாங்கிட்டேன்.

நீ அன்னைக்குக் கோயிலுக்குப் போகாத. எல்லாருக்கும் முன்னால உனக்கு அது வேணாம்.

என்ன மன்னிக்கவும் வேணாம். நல்லா இரு.

ரொஹான்


பிலிமத்தலாவை
05.05.2022

ரொஹானுக்கு,

டீசல் இல்லாத நாட்டுல தபால் எப்படி வரும்? உங்க காயிதம் நேத்து, புதன்கிழமைதான் வந்துச்சு. ஞாயிறு எனக்கு ஒண்ணும் தெரியாது. விடியவே வெளிக்கிட்டு, கண்டியில பஸ்ஸுக்கு நின்னு நின்னு, கடைசியில ஒரு மரக்கறி லொறியில ஏறி மடுல்கெல்லைக்குப் போனேன். நீலச் சாரி கட்டியிருந்தேன். உங்களுக்குப் பிடிச்சது.

மாமி என்னக் கண்டதும் முகத்தத் திருப்பிக்கிட்டாங்க. பிரயாணம் செஞ்ச களைப்புல எனக்கு ஒண்ணும் தோணல. பக்கத்துல உக்காந்தேன். பூசை முழுக்க அவங்க செபமாலைய உருட்டிக்கிட்டே இருந்தாங்க.

ஃபாதர் வாசிச்சாரு. "சூசையம்மா, காலஞ்சென்ற சின்னமுத்து ஆகியோரின் மகன் ரொஹானும், பிலிமத்தலாவை லோரன்ஸ், காலஞ்சென்ற ஷிராணி ஆகியோரின் மகள் டிலானியும் திருமணம் செய்ய விரும்புகிறார்கள். இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது மூன்றாம் ஓலை." உங்களுக்கே தெரியும், யாரும் அந்த இடத்துல எழும்புற வழக்கம் இல்ல. தடை இருந்தாலும் பிறகு ஃபாதரோட அறைக்குப் போய்த்தான் சொல்லுவாங்க. மாமி எழும்பி நின்னாங்க.

நான் சாரித் தலைப்பப் புடிச்சு இழுத்தேன், தலை சுத்துதோன்னு. அவங்க என் கையத் தட்டிவிட்டுட்டுப் பேசினாங்க. சொன்னத அப்படியே எழுதுறேன், ஒரு சொல்லும் கூட்டல.

"ஃபாதர், எம் மவன் ஒண்ணு சொல்லச் சொல்லி எங்கிட்ட சத்தியம் வாங்கினான். அதச் சொல்லத்தான் எழும்புனேன். இந்தப் புள்ள பக்கத்துல வந்து உக்காந்திருச்சு, இனி என்னால சொல்ல ஏலாது. கலியாணம் அவனுக்கு. தடை சொல்றதா இருந்தா அவனே வந்து சொல்லட்டும். அவன வரவிடச் சொல்லுங்க. அதுவரைக்கும் தடை ஒண்ணுமில்ல ஃபாதர்."

சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. அப்புறம்தான் அழுதாங்க. ஃபாதர் கண்ணாடியச் சரிசெஞ்சுக்கிட்டு, விசுவாசப் பிரமாணத்துக்குப் போறதுக்குப் பதிலா திரும்பவும் அறிவித்தலத் தொடக்கத்துலருந்து வாசிச்சாரு. சிரமதானத்துலருந்து. யாரும் சிரிக்கல.

நேத்து உங்க காயிதத்த வாசிச்ச பிறகுதான் அவங்க என்ன சொல்லாம விட்டாங்கன்னு தெரிஞ்சுச்சு. ரொஹான், பெத்த தாயக் கோயில்ல எழுப்பி நிறுத்தி என்னத் துரத்தப் பாத்தீங்களே. எனக்கு உங்க மேல உள்ள கோவத்துக்கு அளவில்ல. நீங்க கிட்ட இருந்திருந்தா நடக்கிறதே வேற.

மூணும் முடிஞ்சிருச்சு. இன்னும் ஆறு மாசத்துக்குச் செல்லும். நவம்பர் முதலாம் திகதி வரைக்கும். பிணைக்கு வாசல் தொறக்கிறது நவம்பர் பத்து. இத நான் கலண்டர்ல பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். நடுவுல அந்தச் சின்ன இடைவெளி. அனுமதிக் கடிதத்துக்குப் பதில் வந்தா எல்லாம் சரி. வராட்டி திரும்பவும் முதலாம் ஓலை.

டிலானி


கொழும்பு
04.09.2022

டிலானிக்கு,

நாலு மாசமா நீ எழுதின எதுக்கும் நான் பதில் போடல. எழுத உக்காருவேன். கோயில்ல எழும்பி நிக்கிற அம்மா முகம் வரும். எழும்பிப் போயிடுவேன்.

இப்ப என்ன விளக்கமறியலுக்கு மாத்திட்டாங்க. தடுப்பு உத்தரவு முடிஞ்சு, இப்ப சிறைச்சாலை. இங்க ஆள் கூட்டம் அதிகம், ஆனா வானம் கொஞ்சம் தெரியுது. காலையில முற்றத்துல நடக்க விடுறாங்க. அம்மா வந்தாங்க. தடை சொல்லலன்னு நான் ஏசுவேன்னு நெனச்சு, வந்ததும் வராததுமா, "நா கும்புட்ட சாமிக்கு முன்னால பொய் சொல்லணுமாக்கும்"னு என் மேல பாஞ்சாங்க. ரெண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு கச்சான் கடலை சாப்பிட்டோம்.

உனக்கு என்ன எழுதுறதுன்னு இன்னும் தெரியல. சுகமா இருக்கேன். இது பொய் இல்ல.

ரொஹான்


பிலிமத்தலாவை
20.11.2022

அன்புள்ள ரொஹானுக்கு,

திகதியப் பாருங்க. இன்னைக்கு நம்ம முதலாம் கலியாண நாளா இருந்திருக்கும். அப்பா அத நெனச்சாரோ என்னமோ, காலையிலேயே கேக் துண்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து மேசையில வச்சுட்டு, லொறியக் கழுவப் போயிட்டாரு.

சுகமா இருக்கேன்னு நீங்க எழுதின அந்த ஒரு வரிய ஒவ்வொரு நாளும் வாசிச்சேன். சரி, மன்னிச்சுட்டேன். முழுசா இல்ல.

சுதர்சினி மிஸ் பிணை மனுவப் போட்டுட்டாங்க. போன வாரம் எடுத்தாங்க. நானும் மாமியும் பின் வாங்குல உக்காந்திருந்தோம். அரச தரப்புச் சட்டத்தரணி பதில் சொல்ல அவகாசம் கேட்டாரு. ஜனவரிக்குத் தவணை. கண் மூடித் தொறக்கிறதுக்குள்ள அடுத்த வழக்குக்குக் கூப்பிட்டுட்டாங்க. "கேக்கலாம்னுதானே சட்டம் சொல்லுது, குடுக்கணும்னு சொல்லலையே"ன்னு மிஸ் வெளியே வந்து சொன்னாங்க. இந்தச் சட்டத்தையே எடுத்துட்டு வேற ஒண்ணு கொண்டு வரப் போறாங்கன்னும் பேச்சு இருக்காம். நல்லதா மிஸ்னு கேட்டேன். வாசிச்சாத்தான் சொல்லலாம்னாங்க. நாம எதையும் நம்பி இனி ஒரு மாசத்தையும் விடப் போறதில்லன்னும் சொன்னாங்க. அனுமதிக் கடிதத்துக்கு நினைவூட்டல் ரெண்டு போட்டாச்சு, பதில் இல்ல.

ஓலைக் கெடு முடிஞ்சிருச்சு. போனேன் ஃபாதர்கிட்ட. திரும்ப முதல்லருந்துதானேன்னு சலிப்போட கேட்டேன். ஓமோம்னு சொல்லிட்டு, ஒரு பழைய புத்தகத்த எடுத்துப் புரட்டினாரு. அவரு விதி பாக்கத் தொடங்கினா புதுசா ஒண்ணு வரும். "மாப்பிள்ளை ஆறு மாசத்துக்கு மேல வேற இடத்துல குடியிருந்தா, அங்கேயும் ஓலை வாசிக்கணும்மா"ன்னாரு. எங்க ஃபாதர் அவரு குடியிருந்தாருன்னு கேட்டேன். "ஒரு வருசமாக் கொழும்புலதானே இருக்காரு"ன்னாரு. வெளையாட்டுக்குச் சொல்லல ரொஹான். சிறைச்சாலைக்குப் பூசை வைக்கப் போற ஃபாதருக்குக் கடிதம் எழுதிட்டாரு, அங்கேயும் ஓலை வாசிக்கச் சொல்லி. வெளியே வந்து வாசல்ல நின்னு சிரிச்சேன். அழுகையும் வந்துச்சு. உங்களுக்கு அது வீடாம்.

எங்க கோயில்லயும் உங்க கோயில்லயும் நாங்க பாத்துக்கிறோம். அங்க வாசிக்கிற நேரம் நானும் இல்ல, மாமியும் இல்ல. நீங்க மட்டும்தான். மாமி அன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்குதானே. தடை சொல்றதா இருந்தா அவனே சொல்லட்டும்னு. நான் உங்களக் கெஞ்சல. சத்தியமும் வாங்கல. உங்க மனசுல இன்னும் அது இருந்தா, எழும்பிச் சொல்லிருங்க. நான் தாள்கள எடுத்துக் கடையிலயே குடுத்துருவேன், பில் அடிக்கட்டும்.

காத்துக்கிட்டிருக்கேன். இந்த முறை சீக்கிரம் எழுதுங்க, எனக்கு நித்திரை இல்ல.

டிலானி


கொழும்பு
11.12.2022, ஞாயிறு

என் டிலானிக்கு,

உனக்கு நித்திரை இல்லன்னு எழுதினதால பூசை முடிஞ்ச உடனே உக்காந்து எழுதுறேன்.

இங்க மாசத்துக்கு ஒரு பூசைதான். மண்டபத்துல ஒரு மேசையப் போட்டு வெள்ளைத் துணி விரிச்சு வைப்பாங்க. நாப்பது அம்பது பேர் வருவோம், கத்தோலிக்கர் இல்லாதவங்களும் வருவாங்க, வெளியே வந்து உக்காரலாமேன்னு. ஃபாதர் பிரசங்கம் முடிச்சுட்டு, பொக்கெட்டுலருந்து ஒரு கடிதத்த எடுத்தாரு. மூணு மாசம் காத்திருக்க ஏலாது, அதனால ஆயர்கிட்ட கேட்டு மூணு ஓலையையும் ஒரேயடியா வாசிக்கிறேன்னாரு. சிங்களத்துலயும் வாசிச்சாரு, தமிழ்லயும் வாசிச்சாரு.

என் பேரக் கேட்டதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிருச்சு. ஒருத்தன் என் முதுகுல குத்தினான். காவலுக்கு நின்ன ஐயாகூடத் தொப்பியக் கழட்டிட்டு என்னப் பாத்தாரு. முதலாம் ஓலை, தடை ஏதும் இருக்கான்னு கேட்டாரு. பின்னாலருந்து ஒரு அண்ணன், பதின்மூணு வருசமா உள்ள இருக்கிறவரு, "இந்தப் பூட்டு ஒண்ணுதான் ஃபாதர்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஃபாதரும் சிரிச்சாரு. அது திருச்சபையோட கணக்குல தடை இல்லன்னாரு.

ரெண்டாம் ஓலைக்குச் சிரிப்பு இல்ல.

மூணாம் ஓலை வாசிச்சுட்டு ஃபாதர் கடிதத்த மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. நேரா என்னப் பாத்தாரு. உங்க ஃபாதர் எல்லாம் எழுதியிருப்பாரு போல. கொஞ்சம் கூடுதலாவே நின்னாரு. ஜனவரியில பிணை குடுப்பாங்களா தெரியாது. குடுக்காட்டி அடுத்தது எப்ப, அதுவும் தெரியாது. புதுச் சட்டத்துல என்ன இருக்குமோ அதுவும் தெரியாது. பாமசிக்கு வந்த ஆளு திரும்பவும் வருவானோன்னு இப்பவும் பயம்தான். எழும்ப வேண்டிய காரணம் எல்லாம் எனக்குப் பாடமா இருந்துச்சு. மார்ச் மாசம் உனக்கு எழுதினதுதான் எல்லாம்.

அம்மா சொன்ன மாதிரி, தடை சொல்ல வேண்டியவன் நான்தான். கேக்கிற இடத்துலதான் இருந்தேன்.

நான் எழும்பல.

தாள்கள வெட்டக் குடு. பழைய திகதிக்கு மேல வெள்ளைத் துண்டு ஒட்டச் சொல்லு, புதுத் திகதிய நாம பேனையால எழுதிக்கலாம்.

........................

உன்,
ரொஹான்